லோடரின் முன்னால் பனி தள்ளும் பிளேடு: ஏரி வண்டல் பரப்ப நம் கொல்லைக்கு ஒத்துவருமா?

போச்சம்பள்ளி மேட்டுக்கொல்லை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. சரளை கலந்த செம்மண். ஆடிப்பட்டத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறோம். இந்த வைகாசியில் எங்கள் ஏரியில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் நடை என்பது கணக்கு. 90 நடையும் அடித்துக் கொட்டியாகிவிட்டது. கொல்லை முழுவதும் கறுப்புக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் மனம் நிறைகிறது. இதை எப்படிப் பரப்பப் போகிறோம் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பக்கத்துக் கொல்லையில் ஜேசிபி வைத்துப் பரப்பினார்கள். ஓரிடத்தில் ஒரு அடி வண்டல் கிடக்கிறது, ஓரிடத்தில் செம்மண் அப்படியே தெரிகிறது. சக்கரம் ஓடிய தடமெல்லாம் களம் போல இறுகிவிட்டது. அந்த வழி எனக்கு வேண்டாம்.

என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி. சென்ற வருடம் ஒரு செங்கல் சூளையில், டிராக்டரின் முன்னால் மாட்டி மண் அள்ளும் பழைய லோடர் ஒன்றை வாங்கி மாட்டினேன். பக்கெட்டால் தள்ளிப் பார்த்தேன். மண் பக்கெட்டில் நிரம்பி, அதன்பின் முன்னாலேயே உருண்டுகொண்டு போகிறது. பக்கவாட்டில் ஒதுங்குவதே இல்லை.

கனடாவில் இருக்கும் மைத்துனர் ஒரு காணொளி அனுப்பினார். அதே மாதிரி லோடரில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு நீளமான பிளேடு ஒன்றைச் சாய்வாக மாட்டியிருக்கிறார்கள். வண்டி போகப் போகப் பனி சுருண்டு சுருண்டு ஒரு பக்கமாக விழுகிறது. குவியலை அப்படித்தானே சரிக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? விதைப்புக்கு முன் முடிக்க வேண்டும்.

காரிமங்கலம் பட்டறை

செய்யலாம் தம்பி, எங்கள் பட்டறையில் இரண்டு நாள் வேலைதான். 7 அடி நீளம், 2 அடி உயரம், 6 மில்லிமீட்டர் தகடு. தகட்டை உருளையில் கொடுத்து வளைக்க வேண்டும். வளைவு இல்லாவிட்டால் மண் ஏறி மேலே வழியுமே தவிர உருளாது. முதுகில் நான்கு விலா எலும்பு, நடுவில் சி எழுத்து வடிவ இரும்புச் சட்டம், அதாவது சி சேனல், ஒன்று.

அடிவிளிம்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டை போடுவோம். அதைத் தகட்டோடு வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். அது கடினமாக்கிய எஃகு. வெல்டிங் சூட்டில் ஓரம் நொறுங்கும் தன்மைக்குப் போய், ஒரு கல்லில் பட்டாலே பிளந்துவிடும். துளை போட்டுத் தலை புதையும் போல்ட்டால் இறுக்குவதுதான் சரி. தேய்ந்தால் திருப்பிப் போடலாம்.

நீளம் ஏன் 7 அடி என்றால், 30 பாகை சாய்த்து நிறுத்தும்போது அது முன்னால் மறைக்கும் அகலம் 6 அடிதான். உங்கள் பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்து சொல்லுங்கள். பிளேடு ஒதுக்கும் பாதையை விடச் சக்கரம் வெளியே நீண்டால், பரப்பிய மண்ணையே மிதித்துக்கொண்டு போவீர்கள்.

போச்சம்பள்ளி மேட்டுக்கொல்லை

அளந்துவிட்டேன் அண்ணா. 68 அங்குலம்.

காரிமங்கலம் பட்டறை

அப்படியென்றால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் மிச்சம். போதும். பொருள் வாங்கிவிடட்டுமா?

அரூர் டிராக்டர் வேலை

கொஞ்சம் பொறுங்கள். பிளேடைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று, அது தள்ளும் விசை எங்கே போய் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

லாரிக்கு அடியில் நீளச் சட்டம் ஒன்று இருக்கும். நம்மிடம் உள்ள டிராக்டருக்கு அது கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சுக்கூடு ஆகிய நான்கையும் போல்ட்டால் கோத்ததுதான் அதன் முதுகெலும்பு. முன்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பிளேடைத் தள்ளினால், மோதும் அடி முழுவதும் எஞ்சினும் கிளட்ச் கூடும் சேரும் இடத்தில் விழும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், உதறலைத் தாங்காது.

தம்பி, உங்கள் லோடர் எங்கே பிடித்திருக்கிறது? முன் தாங்கியிலும் எஞ்சின் பக்கத்திலும் மட்டும் போல்ட் இருக்கிறதா, அல்லது பின் அச்சு வரைக்கும் கைகள் போகின்றனவா? குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன் யாரும் தகடு வாங்க வேண்டாம்.

ஊத்தங்கரை மாந்தோப்பு

அரூர் அண்ணன் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. நான்கு வருடத்துக்கு முன் தோப்பில் வடிகால் மேட்டைச் சரிக்க ஒரு பட்டறையில் பிளேடு செய்து வாங்கினோம். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். முன்னால் எடைக்கட்டி மாட்டும் துளைகளில் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு நாள் நன்றாக ஓடியது.

மூன்றாம் நாள், பெங்களூரா மாமரங்களுக்கு நடுவே, மண்ணுக்குள் இருந்த பாறை முனையில் பிளேடின் இடதுமூலை மோதியது. வண்டி மெதுவாகத்தான் போனது. என் கணவர் நெஞ்சை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டார். எழுந்து பார்த்தோம், வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாலையில் வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தேன். கிளட்ச் கூட்டின் சேர்க்கையில், தூசியின் மேல், விரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கோடு. துடைத்தால் மறைகிறது, கால் மணி நேரத்தில் திரும்ப வருகிறது. பிரித்துப் பார்த்தபோது இரண்டு போல்ட் கழுத்தில் அறுந்திருந்தது, கூட்டின் காதில் மயிரிழை விரிசல். மாங்காய் இறக்கும் பருவத்தில் 22 நாள் வண்டி நின்றது. வாடகை வண்டிக்கு நாயாய் அலைந்தோம்.

நம் மண்ணில் கல் இல்லாத கொல்லை எது? தயவுசெய்து அவசரப்படாதீர்கள் தம்பி.

போச்சம்பள்ளி மேட்டுக்கொல்லை

அக்கா, படித்ததும் உடனே போய்ப் படுத்துப் பார்த்தேன். லோடரின் தூண்கள் இரண்டும் எஞ்சினின் இரு பக்கமும் நிற்கின்றன. முன்னால் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. பின்னால் எதுவும் போகவில்லை. துளை மட்டும் இருக்கிறது; முன்பு ஏதோ கை இருந்திருக்க வேண்டும். சூளைக்காரர்கள் கழற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

அரூர் டிராக்டர் வேலை

சந்தேகமே வேண்டாம், அது பின்கை போகும் துளைதான். பக்கெட்டில் மண் ஏற்றுவதற்கே அது வேண்டும். இருபுறமும் 100 மில்லிமீட்டர் சி சேனல் ஒவ்வொன்று, தூணின் காலில் இருந்து பின் அச்சுக்கூடு வரைக்கும். அச்சுக்கூட்டில் வெல்டிங் கூடவே கூடாது. யூ போல்ட்டும் தாங்குதகடும் போட்டு இறுக்குங்கள். அப்போது தள்ளுவிசை நேராகப் பின்சக்கரத்துக்கே போய்விடும், இடையில் உள்ள வார்ப்புக்கு வேலை இல்லை. ஓட்டிய முதல் நாள் முடிவில் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.

ஒன்டாரியோவில் பாலக்கோட்டான்

இழையை இன்றுதான் பார்த்தேன். சொந்த ஊர் பாலக்கோடு, இங்கே ஒரு பண்ணையில் வேலை. எட்டுக் குளிர்காலமாக லோடரில் பிளேடு மாட்டிப் பனி தள்ளுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அந்தக் காணொளியில் கண்ணுக்குப் படாத ஒன்று இருக்கிறது. பனி பிளேடு முதுகில் விறைப்பாகப் பிடித்து நிற்பது இல்லை. பின்னால் கனமான ஸ்பிரிங்குகள் இருக்கும். பனிக்கு அடியில் நடைபாதை விளிம்போ, சாக்கடை மூடியோ தட்டினால் அடிவிளிம்பு பின்னால் மடங்கி, தடையைத் தாண்டியதும் ஸ்பிரிங் இழுத்து மீண்டும் நிமிரும். சில பிளேடுகளில் முழுத் தகடும் குனியும், சிலவற்றில் அடியில் உள்ள பட்டை மட்டும் மடங்கும். அது இல்லாவிட்டால் இங்கேயும் ஊத்தங்கரை அக்காவுக்கு ஆனதுதான் ஆகும்.

இன்னொன்று, லோடரின் கைகள் மேலே தூக்கச் செய்தவை. சாய்த்த பிளேடு பக்கவாட்டில் நெட்டும். அந்த முறுக்கு நீளமான கைகளில் விழுகிறது. ஆகவே லோடரில் மாட்டிய பிளேடை வேகமாக ஓட்டக் கூடாது. நான் இரண்டாம் கியரைத் தாண்டுவதே இல்லை.

மூன்றாவது, பிளேடு தரையில் தானாக மிதக்க வேண்டும், அதாவது மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தன் எடையிலேயே ஏறி இறங்க வேண்டும். நெம்புகோலால் கீழே அழுத்திக்கொண்டே போனால் முன்சக்கரம் எழும்பிவிடும். ஸ்டியரிங் கேட்காது.

காரிமங்கலம் பட்டறை

தம்பி, ஸ்பிரிங் யோசனையை நான் ஏற்கவில்லை. பனி பஞ்சு மாதிரி. மண் அப்படியா? ஸ்பிரிங் வைத்தால் குவியலில் தொட்டவுடனே மடங்கிக்கொண்டே போகும், ஒரு கூடை மண்கூட நகராது.

ஒன்டாரியோவில் பாலக்கோட்டான்

அண்ணா, எடையில் நீங்கள் சொல்வது உண்மை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோகூட வராது. காற்றடித்து இறுகினால் 300, 400. ஈர மண் 1,500 கிலோவைத் தாண்டும். பனி பிளேடு ஸ்பிரிங்கை அப்படியே வைத்தால் தோற்றுத்தான் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விறைப்பாக வைப்பது அதற்கு விடை ஆகாது. வலுவான ஸ்பிரிங் கிடைத்தால்?

அரூர் டிராக்டர் வேலை

கிடைக்கும். ஒவ்வொரு ஊரிலும் பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பையின் ஸ்பிரிங்!

நாம் ஏன் கல்லாங்கொல்லையில் ஸ்பிரிங் கலப்பை ஓட்டுகிறோம்? கொத்து மண்ணைக் கிழிக்கும்வரை ஸ்பிரிங் அசையாது, பாறை தட்டினால் மட்டும் பின்னால் போய்த் தாண்டி வரும். உழுகிற மண்ணையே தாங்கும் ஸ்பிரிங், தளர்வாகக் கொட்டிய வண்டலைத் தாங்காதா? அடிப்பட்டையை 6 அங்குல உயரத்துக்குத் தனியாக்கி மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீல் வைத்து, இரண்டிரண்டு ஸ்பிரிங் கொடுங்கள். இடதுமூலையில் கல் பட்டால் இடதுதுண்டு மட்டும் மடங்கும்.

காரிமங்கலம் பட்டறை

இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்னிடமே பழைய கலப்பை ஒன்று கிடக்கிறது. செய்து பார்க்கிறேன். ஸ்பிரிங்குக்குத் தனிக் காசு வேண்டாம் தம்பி.

ஊத்தங்கரை மாந்தோப்பு

ஒரு கணக்குப் போட்டேன். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 90 கன மீட்டர் வண்டலை அதில் ஒரே சீராகப் பரப்பினால் கனம் இரண்டேகால் சென்டிமீட்டர் கூட வராது. ஓர் அங்குலத்துக்கும் குறைவு. தம்பி, உங்களுக்கு வேண்டியது தோசை வார்க்கிற வேலை. மேட்டை வெட்டுகிற வேலையை இந்தப் பிளேடிடம் கொடுக்காதீர்கள். பரம்படிப்பது போல நினைத்துச் செய்யுங்கள்.

ஒன்டாரியோவில் பாலக்கோட்டான்

அக்கா, ஓர் அங்குலம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கே சரளைப் பாதையில் பனி தள்ளும்போது பிளேடின் இரு முனையிலும் கால் மாதிரி இரண்டு காலணிகள் மாட்டுவோம். பிளேடு தரையைத் தொடாமல், ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே நின்று வழுக்கிக்கொண்டு போகும். சரளை கிடந்த இடத்திலேயே கிடக்கும், மேலே உள்ள பனி மட்டும் போகும். அதே காலணியை உங்கள் பிளேடில் மாட்டினால் அடியில் ஓர் அங்குல வண்டல் விடுபட்டு நிற்கும், மிச்சம் அடுத்த இடத்துக்கு நகரும். அளந்து விட்ட மாதிரி.

எங்கள் காலணி சின்ன வட்டம், கையளவு. உழுத மண்ணில் அது புதைந்துவிடும். உங்களுக்கு அகலமாக வேண்டும்.

காரிமங்கலம் பட்டறை

தேய்ந்துபோன டிஸ்க் கலப்பைத் தட்டு! கிண்ணம் போல அடிப்பக்கம் வளைந்திருக்கும், மண்ணில் முட்டாமல் ஏறிப் போகும். நடுத்துளையில் தண்டு வைத்து, வாஷர் மாற்றி மாற்றி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அரூர் டிராக்டர் வேலை

மிதப்பைப் பற்றி. தம்பியின் லோடர் வால்வில் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று மூன்று நிலைகள்தான் இருக்கும். மிதவை நிலை இருக்காது. வால்வை மாற்றச் செலவு செய்ய வேண்டாம். பிளேடு லோடர் கையோடு சேரும் இடத்தில் வட்டத்துளைக்குப் பதில் நிமிர்ந்த நீள்துளை வையுங்கள். கையை ஒரு மட்டத்தில் நிறுத்திவிட்டால், பிளேடு தன் எடையால் அந்த நீள்துளைக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொள்ளும்.

சாய்வைத் திருப்ப இப்போதைக்கு ஹைட்ராலிக் வேண்டாம். நேர், இடது, வலது என்று மூன்று துளை, ஒரு முள். அந்த முள்ளையும் அறுபடும் போல்ட்டாக வைத்துவிடுங்கள். அறுந்தால் அதே அளவு, அதே தரத்தில் புதிது போடுங்கள். ஒருமுறை அறுந்துவிட்டதே என்று வலுவான போல்ட் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அறுவதற்காகவே அது இருக்கிறது.

பிறகு பின்சுமை. பின்டயர்களில் வால்வு மேலே இருக்கும்படி நிறுத்தி, அந்த மட்டம் வரை தண்ணீர். பின்னால் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு கான்கிரீட் கட்டி. 200 லிட்டர் டிரம்மில் பாதி ஊற்றினாலே 240 கிலோ. இது இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

ஒன்டாரியோவில் பாலக்கோட்டான்

தண்ணீர் ஊற்ற முடிகிற உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே அது உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைத்த நீரைத்தான் ஊற்றுகிறோம், அது சக்கர வளையத்தைத் தின்கிறது.

அரூர் டிராக்டர் வேலை

ஒன்று விட்டுப்போனது. பழைய லோடர் என்பதால் சொல்கிறேன். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையில் இருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். கையையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். தூக்கி நிறுத்திய லோடருக்கு அடியில், முட்டுக்கட்டை இல்லாமல், ஒரு நிமிடம்கூடப் போக வேண்டாம். பிள்ளைகளை வரப்புக்கு அப்பால் நிறுத்துங்கள்.

போச்சம்பள்ளி மேட்டுக்கொல்லை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது.

பின்கைகளை அரூர் அண்ணன் சொன்னபடி போட்டோம். பிளேடு காரிமங்கலத்தில் தயாரானது. முதல் நாள் தவறு என்னுடையது. இரவில் பெய்த மழைக்குப் பிறகு மறுநாளே இறங்கிவிட்டேன். வண்டல் பிளேடில் களியாக அப்பிக்கொண்டது, உருளவே இல்லை. இரண்டு நாள் காயவிட்டு, ஒரு பிடி அள்ளி உருட்டி இடுப்பு உயரத்தில் இருந்து போட்டுப் பார்த்தேன். விழுந்து உதிர்ந்தது. அதன் பிறகு தொடங்கினேன்.

குவியலை முழு அகலத்தில் மோதவில்லை. ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பிடித்து, முதல் கியரில் மெதுவாகப் போனேன். கறுப்பு மண் பிளேடின் அடியில் ஏறி, வளைவில் புரண்டு, வலதுமுனையில் கயிறு திரித்தது போல விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் வந்து பார்த்தேன். காலணித் தட்டுகள் போன தடத்துக்கு நடுவே வண்டல் ஒரு கட்டைவிரல் நகக்கண் உயரத்துக்குப் படிந்திருந்தது. அம்மா வந்து குனிந்து, கையால் கிளறி, அடியில் செம்மண் வரும்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குவியலைக் கைகாட்டினார்கள்.

மூன்று ஏக்கருக்கும் நான்கு நாள் ஆனது. கடைசியில் பின்னால் ஒரு பனந்துண்டைக் கட்டிப் பரம்படித்தோம். அடிப்பட்டை எத்தனை முறை மடங்கியது என்று எண்ணவில்லை. கல் தட்டும் ஒவ்வொரு முறையும் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாய்வுப் போல்ட் ஒரே ஒருமுறை அறுந்தது. அந்த இடத்தைத் தோண்டினோம். ஆட்டுக்கல் பருமனில் ஒரு குண்டுக்கல். தாத்தா காலத்தில் இருந்தே கலப்பை தாண்டிப் போய்க்கொண்டிருந்த கல்லாக இருக்கும். அதை வரப்பில் ஏற்றிவிட்டோம்.

கிழக்கு மூலையில் இருந்த கெட்டி மேட்டைப் பிளேடால் வெட்டிப் பார்த்தேன். நடக்கவில்லை. பட்டை மடங்கிக்கொண்டே போனது. பட்டறை அண்ணன் முதலில் சொன்னது அங்கே சரியாகிவிட்டது. மேட்டைக் கலப்பையால் இரண்டு சால் கிளறிவிட்டுத் தள்ளினேன், அப்போது வந்தது.

கிளட்ச் கூட்டைத் தினமும் மாலையில் துணியால் துடைத்துப் பார்க்கிறேன் அக்கா. காய்ந்தே இருக்கிறது.

பர்கூர் நிலக்கடலை

நானும் வண்டல் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணா, நீள்துளை எவ்வளவு நீளம் வைத்தீர்கள்? தட்டின் உயரத்தை எத்தனை முறை மாற்ற வேண்டி வந்தது?

போச்சம்பள்ளி மேட்டுக்கொல்லை

நான்கு அங்குலம் தம்பி. முதலில் மூன்று வைத்தோம்; பழைய பாத்தி வரப்பில் ஏறும்போது பிளேடு மேலே இடித்தது, ஓர் அங்குலம் கூட்டினோம். தட்டை உழுத நிலத்தில் ஒரு வாஷர் அளவுக்கு இறக்கிப் போட்டேன், அது எப்படியும் கொஞ்சம் அமுங்கும். உழாத இடத்தில் மேலே ஏற்றிவிட்டேன். மொத்தம் இரண்டே முறை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருவீர்கள் என்றால் அப்படியே கொல்லைக்கு வந்துவிடுங்கள், பிளேடு கழற்றாமல்தான் நிற்கிறது. அளவெடுத்துக்கொண்டு போகலாம்.